ஐதராபாத்தில் பிறந்த உறக்க மருந்து

உறக்கம் வராதவன் படும் பாட்டை உறங்குபவன் அறியான். துக்கம், கடன், தேர்வு, மகளின் கல்யாணம் என ஏதோ ஒரு காரணத்தால் சில நாள்களோ சில வாரங்களோ கண்மூடாமல் கிடப்போர் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் ஏரல் பக்கத்தில் சாதிக்காயைப் பாலில் இழைத்துக் குடிக்கச் சொல்லுவார்கள். இன்று அதற்குப் பொறுமை இல்லாதவர்கள், பக்கத்து வீட்டு ஆச்சிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அந்த மாத்திரையின் வரலாற்றில் ஓர் அதிகாரம் நம் நாட்டில் எழுதப்பட்டதாகும்.

ஆய்வுக்கூடத்தில் பிறந்த முதல் உறக்க மருந்து குளோரல் ஹைட்ரேட். அதை 1832இல் தயாரித்தவர் லீபிக். அது உறக்கம் தரும் என்று 1869இல் காட்டியவர் லீப்ரைக். 1903இல் எமில் பிஷரும் வான் மெரிங்கும் பார்பிட்டாலைக் கொண்டுவந்தார்கள். அதன் இனத்தைச் சேர்ந்த பார்பிட்டுரேட்டுகள் அரை நூற்றாண்டு கோலோச்சின. ஆனால் அவற்றில் தூங்க வைக்கும் அளவிற்கும் மூச்சை நிறுத்தும் அளவிற்கும் இடைவெளி மிகக் குறைவு. மறதியால் இரண்டாம் முறை விழுங்கியவர்கள் விழிக்காமலே போனதுண்டு.

இந்நிலையில் 1951இல் ஐதராபாத்தில் இந்திர கிஷோர் கக்கர், சையது உசேன் ஜஹீர் என்னும் இரு வேதியியலார் குவினசோலோன் வகைச் சேர்மங்கள் சிலவற்றை உருவாக்கினார்கள். மலேரியாவிற்கு மருந்து தேடியபோது கிடைத்தவை அவை என்று பல நூல்கள் கூறுகின்றன. அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் தலைப்போ வலி நீக்கிகளைப் பற்றியது! எதுவாயினும் அவர்கள் தேடியது உறக்கத்தை அன்று. 1955இல் குஜ்ரால், சக்சேனா, திவாரி ஆகியோர் இச்சேர்மங்களைச் சோதித்து, இவை புதியதோர் உறக்க மருந்து வகை என்று அறிவித்தார்கள். அவற்றுள் ஒன்றே மெத்தாக்குவலோன்.

மேலைநாட்டுக் கம்பெனிகள் அதைப் பற்றிக்கொண்டன. 1965இல் பிரிட்டனில் ‘மாண்ட்ராக்ஸ்’ என்றும், அமெரிக்காவில் ‘குவாலூட்’ என்றும் விற்பனைக்கு வந்தது. பார்பிட்டுரேட் அன்று, ஆகவே பழக்கமாகாது என்பது அன்றைய நம்பிக்கை. இதில் தருக்கம் ஏதுமில்லை. பெயர் மாறினால் குணம் மாறுமா? சில ஆண்டுகளிலேயே அது போதைப் பொருளாயிற்று. 1979இல் உலக உடன்படிக்கையின் கடுமையான பட்டியலுக்கு மாற்றப்பட்டது. 1984இல் அமெரிக்கா அதைத் தடை செய்தது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலிலும் அது இடம்பெற்றது. ஆயினும் 2016இல் இராஜஸ்தானத்து உதயப்பூரில் ஏறத்தாழ 23 டன் மாண்ட்ராக்ஸ் மாத்திரைகள் பிடிபட்டன.

அதன் இடத்தைப் பிடித்தவை, ஸ்டெர்ன்பாக் கண்ட குளோர்டயஸெபாக்சைடில் (1960) தொடங்கிய பென்சோடயஸெப்பின்கள். டயஸெப்பாம், நைட்ரஸெப்பாம், அல்பிரஸோலாம் எல்லாம் இக்குடும்பமே. தனியாக உட்கொண்டால் உயிரைப் பறிப்பது அரிது. மதுவுடனோ அபின் வகை வலி மருந்துகளுடனோ சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பழக்கமாகும் குணமும் இவற்றிற்கு உண்டு.

இங்கே இயற்பியல் மாணவர் கவனிக்க ஒரு கணக்கு இருக்கிறது. கதிரியக்கப் பாடத்தில் வரும் அரை ஆயுள் மருந்திற்கும் உண்டு. டயஸெப்பாமின் அரை ஆயுள் இரண்டு நாள் வரைகூட இருக்கலாம். அப்படியாயின் இன்றிரவு விழுங்கியதில் நாளை இரவு 100க்கு 71 பங்கு உடலில் மிஞ்சியிருக்கும். அதன்மேல் இன்னொன்று, மறுநாள் மற்றொன்று என்று போட்டால் இரண்டு வாரத்தில் உடலில் நிற்பது ஒரு மாத்திரை அன்று, மூன்றுக்கும் மேல்! முதியவர் பகலில் தள்ளாடி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னர் வந்த சோல்பிடெமின் அரை ஆயுள் ஏறத்தாழ இரண்டரை மணி. ஏழரை மணி நேரத்தில் எட்டில் ஒரு பங்கே எஞ்சும். ஆனால் பெண்கள் உடலில் அது மெதுவாகவே குறைவதால், 2013இல் அமெரிக்க அரசு அவர்களுக்கான தொடக்க அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது.

மருத்துவர்கள் இவற்றை மிகக் குறைந்த அளவில், இரண்டு முதல் நான்கு வாரத்திற்கு மேற்படாமல் எழுதுவதன் காரணம் இப்போது விளங்கும். படுக்கப் போகும் நேரத்தில்தான் விழுங்க வேண்டும். மறுநாள் காலை தலை தெளியாமல் மோட்டார் சைக்கிளை எடுக்கக் கூடாது. பல வாரம் உட்கொண்டவர் சட்டென்று நிறுத்தினால் போன உறக்கமின்மை முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். சிலருக்கு வலிப்பும் வரலாம். டாக்டர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். உறக்கமின்மை மாதக்கணக்கில் நீடித்தால், படுக்கை நேரத்தையும் மனப்போக்கையும் திருத்தும் பயிற்சியே முதற் சிகிச்சை என்பது இன்றைய மருத்துவக் கருத்து.

2014 மார்ச் முதல் இம்மருந்துகள் பல ‘எச் 1’ என்னும் அட்டவணையில் உள்ளன. மருந்துக் கடைக்காரர் நோயாளியின் பெயரையும் டாக்டரின் பெயரையும் கொடுத்த அளவையும் தனி ஏட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். சீட்டு எங்கே என்று அவர் கேட்பது இதனால்தான்.