மானம்பூ: திண்ணைப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு நிறைவு

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் முழுப் பரீட்சை கிடையாது. ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புக்கு ஏறினான் என்று எழுதிக் கொடுக்கும் தாளும் கிடையாது. நல்ல நாள் பார்த்து எந்த மாதத்திலும் பிள்ளையைக் கொண்டுபோய் உட்கார வைக்கலாம். ஒருவன் உயிரெழுத்தில் இருப்பான். பக்கத்தில் இருப்பவன் சதகம் ஒப்பித்துக்கொண்டிருப்பான். வருடக் கணக்கே இல்லாமல் ஓடிய இந்தப் படிப்புக்கு வருடத்தில் ஒருமுறை மட்டும் ஒரு முடிச்சு விழுந்தது. அது நவராத்திரி. சரஸ்வதி பூசையன்று சுவடிகளைக் கட்டிப் பூசையில் வைப்பார்கள். மறுநாள் விஜயதசமியன்று அவிழ்ப்பார்கள். அதையொட்டிய நாட்களில் பிள்ளைகள் அலங்காரம் செய்துகொண்டு வாத்தியாருடன் வீடு வீடாகப் போவார்கள். இந்தக் கொண்டாட்டத்துக்கு மானம்பூ என்று பெயர்.

பெயரில் பூ இருந்தாலும் பூவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மகாநோன்பு என்ற சொல்தான் பேச்சில் தேய்ந்து மானம்பூ ஆனது. தென் மாவட்டங்களில் அதே சொல் மகர்நோன்பு என்று வழங்குகிறது. காரைக்குடியில் மகர்நோன்புப் பொட்டல் என்றே ஓர் இடம் உண்டு. அரண்மனைகளிலும் கோயில்களிலும் மகாநோன்பு ஆயுதத்துக்கும் அம்பு போடுவதற்கும் உரிய நாள். பள்ளிக்கூடத்தில் அது எழுத்தாணிக்கு உரிய நாள்.

இந்தப் பள்ளிக்கூடம் பெரும்பாலும் ஒரு வீட்டின் பகுதி என்பதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும். வசதியுள்ள குடும்பம் ஒன்று தன் பிள்ளைகளுக்காக ஒரு வாத்தியாரை அமர்த்தித் திண்ணையை ஒழித்துக் கொடுக்கும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொள்வார்கள். சில இடங்களில் வாத்தியாரின் சொந்தத் திண்ணையே பள்ளி. சில இடங்களில் கோயில் மண்டபம், இன்னும் சில இடங்களில் மரத்தடி. வீட்டுப் படிப்பு எங்கே முடிந்தது, பள்ளிப் படிப்பு எங்கே தொடங்கியது என்று கோடு கிழிப்பது கடினம்.

அந்தக் கோட்டைக் கிழிக்க முயன்றவர் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ. மாகாணத்தில் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுத்து அனுப்பும்படி 1822-இல் அவர் கலெக்டர்களைக் கேட்டார். வந்த விவரங்களைத் தொகுத்து 1826 மார்ச்சில் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்குக் கொடுத்தார். அவர்களில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. சென்னை நகரக் கணக்குதான் அவரைத் திகைக்க வைத்தது. அங்கே பள்ளிகளில் படித்தவர்கள் ஏறத்தாழ 5,500 பேர். உறவினரிடமோ தனி ஆசிரியரிடமோ வீட்டிலேயே படித்தவர்கள் 26,000-க்கும் மேல். எங்கோ தவறு இருக்க வேண்டும் என்று மன்றோ சந்தேகப்பட்டார். ஆனாலும் வீட்டில் படிப்பவர்கள் தொகை பெரியதுதான் என்பதை அவர் மறுக்கவில்லை. மற்ற மாவட்டங்களிலிருந்து வீட்டுப் படிப்பின் கணக்கு வராததால், ஆண்பிள்ளைகளில் நான்கில் ஒருவர் என்பதைவிட மூன்றில் ஒருவர் படிக்கிறார் என்று கொள்வதே பொருத்தம் என்று எழுதினார். எண்ணிக்கை எப்படியிருந்தாலும், வீட்டில் நடக்கும் படிப்பை அரசாங்கம் ஒன்று தலையெண்ணிப் பார்த்த அரிய ஆவணம் அது. பிற்காலத்தில் ஆய்வாளர் தரம்பால் 1983-இல் வெளியிட்ட நூலில் இந்த அறிக்கைகளைத் தொகுத்த பிறகே இவை பரவலாகப் பேசப்பட்டன. தமிழ் மாவட்டங்களின் பள்ளிகளில் பிராமணப் பிள்ளைகள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. அதே வேளையில் தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மானம்பூ ஊர் முழுவதையும் சேர்த்த விழா அல்ல. திண்ணை யாருடையதோ, விழாவும் அவர்களுடையது.

வருடம் முழுவதும் திண்ணையில் நடந்தது என்ன என்று தெரிந்தால்தான் அந்தச் சில நாட்களின் குதூகலம் புரியும். விடியற்காலையிலேயே பிள்ளைகள் வந்துவிட வேண்டும். பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கையில் அந்தக் காலை வரிசையை விவரிக்கிறார். முதலில் வருபவன் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்கள், அது மரியாதை. இரண்டாவது வருபவன் கையில் ஒரு சுழி; அவனுக்குப் பாராட்டும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்குப் பிரம்பால் மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, பிறகு வருபவர்களுக்கு ஒவ்வொன்றாக ஏறும். கடைசியில் வருபவன் கதி சொல்ல வேண்டியதில்லை. தூங்குமூஞ்சிப் பிள்ளைகளுக்கு இந்த முறை எவ்வளவு நியாயமாகப் பட்டிருக்கும் என்பது வேறு விஷயம்.

எழுத்து மணலில் தொடங்கியது. தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகி, கை திருந்திய பிறகே ஓலை. அரிச்சுவடி முடிந்ததும் ஆத்திசூடி, கொன்றை வேந்தன், உலகநீதி, வெற்றிவேற்கை, மூதுரை. அதற்கு மேல் சதகங்களும் அந்தாதிகளும் நிகண்டும். கணக்கில் எண்சுவடி, நெல்லிலக்கம், குழிமாற்று. மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. இந்தக் கீழ்வாய்களை வாயால் பெருக்கிச் சொல்லத் தெரிந்தவன்தான் நெல் அளக்கும் களத்தில் ஏமாறாமல் நிற்க முடியும். எல்லாம் மனப்பாடம். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை சொல்ல, மற்றவர்கள் கூடச் சொல்லிச் சொல்லி ஏற்றிக்கொள்வார்கள். சென்னை எழும்பூரில் இராணுவ ஆண் அநாதை விடுதியை 1789 முதல் மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதையும், மாணவரை வைத்தே மாணவருக்குக் கற்பிக்கும் வழியையும் தம் பள்ளியில் கையாண்டார். 1797-இல் அதைப் பற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். அது மதராஸ் முறை என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. அவர் பிறந்த ஸ்காட்லாந்து ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மதராஸ் கல்லூரி என்றே பெயர்.

மாலையில் வீடு திரும்பும்போதும் படிப்பு விடாது. திண்ணைப் பள்ளியில் படித்த உ.வே. சாமிநாதையர் (1855–1942) தம் வாழ்க்கை வரலாறான ‘என் சரித்திரம்’ நூலில் அந்தப் பழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். வாத்தியார் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு மிருகத்தின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவார். மறுநாள் மறக்காமல் வந்து ஒப்பிக்க வேண்டும். நினைவாற்றலுக்கு அதுதான் பயிற்சி. அமாவாசை, பௌர்ணமி, பிரதமை, அஷ்டமி ஆகிய நாட்களில் மட்டும் பள்ளி இல்லை.

இத்தனைக்கும் பிறகு வருவது நவராத்திரி. சுவடிகளைப் புதுப்பிக்கவும் அது தோதான காலம். ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து வெறுங்கண்ணுக்கு எளிதில் தெரியாது; மை தடவினால்தான் கீறலுக்குள் கறுப்பு ஏறி எழுத்து எழுந்து நிற்கும். ஊமத்தையிலை, மணத்தக்காளியிலை ஆகியவற்றின் சாறு, மாவிலைக் கரி, மஞ்சள் என்று கையில் கிடைத்ததைக் கூட்டி மை செய்வார்கள். தடவித் துடைத்த ஓலைகளை அடுக்கிக் கயிறு கோத்துச் சுற்றிக் கட்டி, மஞ்சளும் குங்குமமும் இட்டு, பூசையில் எழுத்தாணியோடு வைப்பார்கள். அன்று யாரும் படிக்கக் கூடாது. படிக்கச் சொல்லி அடிக்காத ஒரே விதி அது என்பதால், பிள்ளைகள் அதைத் தவறாமல் கடைப்பிடித்தார்கள்.

மானம்பூ ஊர்வலத்தில் பிள்ளைகள் நன்றாக உடுத்து, கையில் கோலாட்டக் கோலோடு வாத்தியாரைச் சூழ்ந்து நடப்பார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பாடிக் கோலாட்டம் அடிப்பார்கள். வீட்டுக்காரர் பணம் கொடுப்பார். பிள்ளைகளுக்குத் தின்னவும் ஏதாவது கிடைக்கும். வாசலில் நிற்கும் பெற்றோர் தங்கள் பையன் ஒரு வருடத்தில் எவ்வளவு தேறினான் என்பதைக் காதாரக் கேட்கும் தருணம் அது. மனப்பாடமே கல்வியாக இருந்த காலத்தில் தெருவில் நின்று தடுமாறாமல் பாடுவதைவிடப் பெரிய பரீட்சை வேறு இல்லை. பரீட்சை அதிகாரி ஊர்தான்.

கிடைத்த பணம் முழுவதும் வாத்தியாருக்கு. இதுதான் விழாவின் மையம். பக்திக் கதைகளில் இது மறைந்துவிடுகிறது. திண்ணை வாத்தியார்கள் மாதம் 6, 7 ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பதில்லை என்றும், அந்த வருமானத்துக்குத் தகுதியான ஆட்கள் இந்தத் தொழிலுக்கு வரமாட்டார்கள் என்றும் மன்றோவே எழுதியிருக்கிறார். அவர் தொடங்க நினைத்த தாலுகாப் பள்ளிகளின் ஆசிரியருக்கு 9 ரூபாயும், மாவட்டப் பள்ளி ஆசிரியருக்கு 15 ரூபாயும் தர உத்தேசித்தார். திண்ணை வாத்தியாருக்கு அந்த நிச்சயம் எப்போதும் இருந்ததில்லை. ஒரு வீட்டில் காசு, ஒரு வீட்டில் நெல், ஒரு வீட்டில் காய்கறி என்று சிதறிச் சிதறி வந்த வரும்படியில் மொத்தமாகக் கைக்கு வந்தது மானம்பூப் பணம்தான். அது தெய்வத்துக்குக் காட்டிய நன்றி என்பதற்கு முன்னால், நிலுவையில் நின்ற சம்பளத்தைத் தீர்த்த வழி.

இது தமிழ்ப் பகுதிக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல. தெலுங்கு நாட்டில் தசராவின்போது பள்ளிப் பிள்ளைகள் பூ வைத்து எய்யும் சிறு வில்லை ஏந்தி ஆசிரியரோடு வீடு வீடாகச் சென்றார்கள். அவர்கள் பாடிய பாட்டு ஆசிரியருக்கு வராகன் பணமும் பிள்ளைகளுக்குப் பருப்பும் வெல்லமும் கேட்டது. யாருக்கு எது என்பதைப் பாட்டிலேயே பிரித்துவிட்டதால் வாசலில் குழப்பம் நேர வழியில்லை.

மானம்பூவைக் கலைத்தது தடையுத்தரவு எதுவும் அல்ல. சம்பளம் வரும் திசை மாறியது. 1854-ஆம் ஆண்டின் வுட் கல்வி அறிக்கைக்குப் பிறகு தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரும் ஏற்பாடு வந்தது. 1860-களில் சென்னை மாகாணத்தில், எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்களோ அதற்கேற்ப ஆசிரியருக்குப் பணம் என்ற முறை நடைமுறைக்கு வந்தபோது, திண்ணைப் பள்ளிகள் பலவும் அந்த வளையத்துக்குள் வந்தன. வாத்தியாரின் வருமானம் இப்போது இன்ஸ்பெக்டர் வரும் நாளைப் பொறுத்தது. மணலும் ஓலையும் போய்ச் சிலேட்டும் அச்சுப் புத்தகமும் வந்தன. படிப்பு வகுப்பு வகுப்பாகப் பிரிந்தது. பையன் என்ன கற்றான் என்பதைத் தெரு கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை போய், இன்ஸ்பெக்டரின் பதிவேடு சொல்லத் தொடங்கியது. சாமிநாதையர் தம் நினைவுகளை 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக எழுதியபோது, மானம்பூ என்றால் என்ன என்று வாசகர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது.

விழாவின் ஒரு பாதி மட்டும் தங்கியது. சரஸ்வதி பூசையன்று புத்தகத்தைப் பூசையில் வைப்பதும், விஜயதசமியன்று எடுத்து ஒரு பக்கமாவது படிப்பதும் தமிழ் வீடுகளில் நிற்கவில்லை. நெல்லிலோ அரிசியிலோ குழந்தையின் விரல் பிடித்து முதல் எழுத்து எழுத வைப்பதும் அன்றுதான். திருவாரூர் மாவட்டத்துக் கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் அதற்கே கூட்டம் சேரும். யாழ்ப்பாணத்தில் இதை ஏடு தொடக்குதல் என்கிறார்கள். ஓலை போய் வெகுகாலம் ஆனாலும் ஏடு என்ற சொல் போகவில்லை. அதாவது, படிப்பின் தொடக்கத்தைக் கொண்டாடும் பாதி நின்றது. ஒரு வருடப் படிப்பை ஊரார் முன் பாடிக் காட்டி வாத்தியாருக்குக் கூலி வாங்கிக் கொடுத்த பாதி போய்விட்டது. பள்ளிகள் சித்திரை வெயிலில் ஆண்டை முடிக்கத் தொடங்கிய பிறகு நவராத்திரி வெறும் இடைக்கால விடுமுறை ஆயிற்று.

மானம்பூ என்ற சொல் இன்று உயிரோடு இருப்பது ஈழத்தில். அங்கே விஜயதசமியன்று அம்மன் வெளியே எழுந்தருள, நட்டு வைத்த வாழையை வெட்டும் கோயில் சடங்குக்கு மானம்பூத் திருவிழா என்று பெயர். பள்ளிக்கூடத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. தமிழ்நாட்டில் அந்தச் சொல் தஞ்சாவூரின் ஒரு தெருப்பகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: தியாகராஜரின் சீடர் வேங்கடசுப்பையரின் பெயருக்கு முன்னால் வரும் மானம்புச்சாவடி. பதாகைகளில் அதை இப்போது மகர்நோன்புச்சாவடி என்று எழுதுகிறார்கள்.