உம்மத் கட்டிய ரயில்: அதன் பராமரிப்புச் செலவு யார் பொறுப்பு?



ஹஜ் காலம் வந்தால் ஹிஜாஸ் ரயிலின் பழைய படங்கள் வட்ஸ்அப்பில் வலம்வரத் தொடங்கிவிடும். பாலைவனத்தின் நடுவே புகை விட்டுக்கொண்டு போகும் ஒரு நீராவி எஞ்சின், கீழே "முஸ்லிம்களின் பணத்தில் கட்டிய ரயில்" என்று ஒரு வரி. நாமும் மாஷா அல்லாஹ் போட்டுவிட்டு அடுத்த குழுமத்துக்கு அனுப்பிவிடுகிறோம். பிறகு அந்த ரயிலுக்கு என்ன ஆனது, மிஞ்சியிருக்கும் எஞ்சின்களை இன்று யார், எந்தப் பணத்தில் ஓட்டுகிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. இன்று அதைக் கொஞ்சம் பேசுவோம்.

1900ஆம் ஆண்டு உஸ்மானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் இந்தத் திட்டத்தை அறிவித்தார். திமிஷ்கிலிருந்து (டமஸ்கஸ்) மதீனா வரை ஏறக்குறைய 1,300 கிலோமீற்றர். ஒட்டகக் கூட்டத்தோடு ஹாஜிகள் நாற்பது நாளளவில் கடந்த பாதை அது. ஐரோப்பிய வங்கிகளிடம் கடன் வாங்குவதில்லை என்று முடிவானது. சுல்தான் தாமே நன்கொடை கொடுத்தார். இந்தியா, எகிப்து, ஈரான் என்று பல நாட்டு முஸ்லிம்களும் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. அதுவும் போதாமல் அரச உத்தியோகத்தரின் சம்பளத்தில் பிடித்தம், முத்திரை வரி, உழ்ஹிய்யாப் பிராணிகளின் தோல் விற்ற பணம் என்று பல வழிகளில் திரட்டினார்கள். ஜேர்மன் பொறியியலாளர் மைஸ்னர் பாஷா வேலைக்குத் தலைமை தாங்க, ஆயிரக்கணக்கான உஸ்மானியச் சிப்பாய்கள் தண்டவாளம் போட்டார்கள். 1908 செப்டம்பரில் பாதை மதீனாவைத் தொட்டது. நாற்பது நாள் பயணம் மூன்று நாளளவாகச் சுருங்கியது.

இதுவரை நாம் எல்லோரும் பெருமையோடு சொல்லும் கதை. கணக்குப் புத்தகத்தின் கதை இதன் பிறகுதான் தொடங்குகிறது.

கட்டும்போது வந்த உற்சாகம் ஓட்டும்போது வருவதில்லை. தெற்குப் பக்கம், மஆனிலிருந்து மதீனா வரை, வழியில் பெரிய ஊரும் இல்லை, ஏற்றிச்செல்லச் சரக்கும் இல்லை. ஹஜ் காலத்தில் மட்டும் கூட்டம். மணல் மூடும், மழை வந்தால் வெள்ளம் அரிக்கும், எஞ்சினுக்குத் தண்ணீர் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்த கிணற்றுத் தண்ணீரும் உப்புக் கலந்தது. அது கொதிகலனுக்குள் கல்லாகப் படிந்து குழாய்களைக் கெடுத்தது. வடக்குப் பக்கம் நிலைமை வேறு. 1905இல் ஹைஃபா துறைமுகத்துக்குக் கிளைப் பாதை திறந்ததும் ஹவ்ரான் சமவெளியின் தானியம் அதில் இறங்கியது. உழைக்கும் வடக்கு, உழைக்காத தெற்கைத் தாங்கியது. ஒரு குடும்பத்தில் சம்பாதிக்கும் மூத்தவன் மற்றவர்களைப் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் உலகப் போரில் அரபுக் கிளர்ச்சிப் படைகளும் பிரித்தானியரும் பாலங்களையும் தண்டவாளங்களையும் தகர்த்தார்கள். ஆனால் போருக்குப் பின் நடந்த பங்கீடு அதைவிடப் பெரிய சேதத்தைச் செய்தது. ஒரே வக்பு பல எல்லைகளுக்குள் துண்டாடப்பட்டது. ஹைஃபாப் பக்கம் பிரித்தானியரிடம், சிரியாப் பக்கம் பிரான்ஸிடம். 1923இல் லொசான் மாநாட்டில் இரு நாடுகளும் இந்த ரயிலின் மார்க்கத் தன்மையை ஏற்பதாக அறிவித்தன. ஏற்பது வேறு, வருமானத்தைப் பகிர்வது வேறு. சம்பாதித்த மூத்தவனைப் பிரித்துக்கொண்டு போனபின் தெற்குப் பாதையைத் திருத்த யாரும் பணம் வைக்கவில்லை. 1920களின் நடுப்பகுதியோடு மதீனாவுக்கு ரயில் நின்றது. 1960களில் மீளக் கட்டும் வேலை தொடங்கியது. 1967 யுத்தத்தோடு அதுவும் நின்றுபோனது.

இன்று இந்த ரயிலின் நீராவி மரபு மிச்சமிருக்கும் முக்கியமான இடம் ஜோர்தான். அம்மான் நிலையத்தில் 1950களில் ஜப்பான், பெல்ஜியம் போன்ற நாடுகளில் செய்த எஞ்சின்கள் நிற்கின்றன. திமிஷ்குக்குப் போன பயணிகள் ரயில் நின்ற பிறகு, தெற்கே ஜீஸா பக்கம் போகும் உல்லாசப் பயணங்கள்தான் பெரும்பாலும் மிச்சம். அவற்றையும் வழமையாக டீசல் எஞ்சினே இழுக்கிறது. வெளிநாட்டு ஆர்வலர்கள் விசேடமாக வாடகைக்குக் கேட்கும்போதும் விழாக் காலங்களிலும்தான் நீராவியை மூட்டுகிறார்கள்.

ஏன் அப்படி? ஒரு நீராவி எஞ்சினை ஓட்டுவது சாவியைத் திருப்புவது போலல்ல. பயணத்துக்குப் பல மணி நேரம் முன்பே நெருப்பு மூட்டிக் கொதிகலனை மெதுவாகச் சூடாக்க வேண்டும். ஓட்டுபவர் ஒருவர், நெருப்பையும் தண்ணீரையும் பார்க்க இன்னொருவர். பயணம் முடிந்ததும் ஆற விட்டுத் துப்புரவாக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதையும் கழற்றிக் குழாய்களை மாற்றிச் சோதிக்க வேண்டும். அந்த ஒரு வேலைக்கே பல வருட ரிக்கட் காசு போய்விடும். இதில் ஹிஜாஸ் பாதைக்கு ஒரு தனிச் சிரமமும் உண்டு. அதன் தண்டவாள அகலம் 1,050 மில்லிமீற்றர். உலகில் மிக அரிதான அளவு. வேறு நாட்டில் பழைய பெட்டி மலிவாகக் கிடைத்தாலும் அப்படியே கொண்டுவந்து ஓட்ட முடியாது. உதிரிப்பாகம் உடைந்தால் அம்மான் பட்டறையில் கையால் செய்ய வேண்டும். அந்தக் கைவேலை தெரிந்த மூத்தவர்கள் ஓய்வு பெறுகிறார்கள். அவர்களோடு அறிவும் போகிறது.

வருமானமோ உல்லாசப் பயணிகளை நம்பியது. 2011இல் சிரியாவில் போர், 2020இல் கொரோனா. ஒவ்வொரு முறையும் வருகை விழுந்தது. பயணிகள் வராத மாதத்திலும் பட்டறைச் சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும்.

பிறகு எப்படி உயிரோடு இருக்கிறது? அங்கேதான் வக்பு வருகிறது. ஜோர்தானில் இந்த ரயில் இன்றும் வக்புச் சொத்து. நிலையங்களையும் பாதையையும் சுற்றி அதற்கு நிலம் உண்டு. அதை வாடகைக்கு விட்டு வரும் பணம்தான் பெரும் துணை. நிலத்தை விற்றுக் காசாக்கிக் கொதிகலன் திருத்தலாமே என்று தோன்றும். வக்பை விற்க முடியாது. ஒரு நிர்வாகிக்கு அது கையைக் கட்டும் கயிறு. ஆனால் அந்தக் கயிறு இல்லாதிருந்தால் நகரம் வளர்ந்த வேகத்தில் அந்த நிலம் எப்போதோ கைமாறி, ரயிலும் அதோடு போயிருக்கும். திமிஷ்கின் அழகிய ஹிஜாஸ் நிலையத்தைப் பாருங்கள். பின்பக்கம் பெரிய வணிக வளாகம் வரும் என்று 2000களில் தண்டவாளத்தைக் கழற்றினார்கள். வளாகம் வரவில்லை. பெருங்குழி மிஞ்சியது. கட்டடம் நிற்கிறது, அதற்குள் ரயில் வருவதில்லை.

இன்னொரு கேள்வியும் நம்மை உறுத்துகிறது. ஹாஜிகளுக்காகக் கொடுத்த பணம் அது. உல்லாசப் பயணிகளுக்காகப் புகை விடும் எஞ்சினில் அந்த நிய்யத் நிறைவேறுகிறதா? சிலர் இல்லை என்பார்கள். கொடுத்தவர்களின் அடையாளம் அழியாமல் காப்பதும் ஓர் அமானிதம் என்று நாம் நினைக்கிறோம்.

வக்பின் வருமானத்தில் முதல் செலவு அதன் பராமரிப்பு என்று நமது ஃபுகஹாக்கள் எழுதி வைத்தார்கள். கொடுத்தவர் சொல்லாவிட்டாலும் அதுதான் முதல். ஊரில் ஒரு பள்ளிவாசலுக்கு மினாரா கட்ட ஆள் கிடைக்கும். பெயர்ப்பலகை வைக்க ஆள் கிடைக்கும். ஒழுகும் கூரைக்கும், முஅத்தினின் சம்பளத்துக்கும், மதரஸாவின் மின்சாரப் பட்டியலுக்கும் ஜும்ஆவுக்கு ஜும்ஆ துண்டு விரிக்கிறோம். திறப்பு விழா நடத்தும் நாமே, பத்து வருடம் கழித்து இதை யார் பார்ப்பது என்றும் அதே கூட்டத்தில் கேட்டால் என்ன? ஒரு கடை அறையோ, சில தென்னை மரங்களோ அந்தக் கட்டடத்தின் பெயரில் எழுதி வைத்தால் போதும்.

அடுத்த முறை அந்த ரயில் படம் வரும்போது கட்டியவர்களுக்கு துஆ செய்வோம். அம்மான் பட்டறையில் எண்ணெய்க் கையோடு இன்றும் குழாய் மாற்றிக்கொண்டிருக்கும் பெயர் தெரியாத அந்தத் தொழிலாளிக்கும் சேர்த்துச் செய்வோம்.