ஆட்டமில்லா மாதங்கள்: தில்லி ஐ.பி.எல். அணியின் உடைமை வரலாறு

ஐ.பி.எல். தொடரின் வரலாறு பெரும்பாலும் ஏப்ரல், மே மாத ஆட்டங்களைக் கொண்டே எழுதப்படுகிறது. தில்லி அணியின் வரலாற்றை அவ்வாறு எழுதப் புகுந்தால் ஒரு பத்தியில் முடிந்துவிடும். 2008 முதல் 2025 வரை பதினெட்டுத் தொடர்கள், ஒரே ஓர் இறுதிப்போட்டி, கோப்பை எதுவுமில்லை. இந்த அணியை ஆராய்பவர் ஆட்டங்கள் நடக்காத மாதங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏலம், பரிமாற்றம், விடுவிப்பு, உரிமையாளர் மாற்றம் ஆகிய அனைத்தும் நிகழ்வது அப்போதுதான். தில்லி ரசிகர்களின் தீராத வாதங்களும் அந்த மாதங்களிலேயே பிறக்கின்றன.

2008 ஜனவரியில் அடுத்தடுத்து நிகழ்ந்த இரு நிகழ்வுகள் இங்கே கருதத்தக்கவை. கௌதம் கம்பீர் தலைமையிலான தில்லி அணி மும்பை வான்கடே மைதானத்தில் உத்தரப் பிரதேசத்தை வென்று, பதினாறு ஆண்டுகளுக்குப் பின் ரஞ்சிக் கோப்பையைக் கைப்பற்றியது. சில நாள்கள் கழித்து, ஜனவரி 24 அன்று, எட்டு நகரங்களின் பெயரிலான அணிகள் ஏலத்தில் விற்கப்பட்டன. தில்லியை ஜி.எம்.ஆர். குழுமம் 8.4 கோடி டாலருக்கு வாங்கியது. மும்பையின் விலை 11.19 கோடி, சென்னையின் விலை 9.1 கோடி. 2006இலேயே தில்லி விமான நிலையத்தை நடத்தும் உரிமையைப் பெற்றிருந்த குழுமம் அது. தலைநகரின் பெயர் தாங்கிய இரண்டாவது சொத்து அதன் கணக்கில் சேர்ந்தது.

ஜி.எம்.ஆர். உண்மையில் எதை வாங்கியது? மைதானத்தை அல்ல, கோட்லா தில்லி மாவட்ட கிரிக்கெட் சங்கத்தின் வசமே இருந்தது. வீரர்களை உருவாக்கிய அமைப்பையும் அல்ல. சோனட் போன்ற மன்றங்களும், மேற்கு தில்லியின் பயிற்சிக்கூடங்களும், ரஞ்சி அணியும் விற்பனைக்கு வரவில்லை. வாங்கப்பட்டவை நகரத்தின் பெயரும், வீரர்களை ஒப்பந்தம் செய்யும் உரிமையும், ஒளிபரப்பு வருவாயில் ஒரு பங்கும் மட்டுமே. ரஞ்சி அணியில் ஒருவர் தில்லிக்காரர் என்பதற்குப் பிறப்போ வசிப்போ சான்றாக இருந்தது. புதிய அணியில் அதற்குச் சான்று ஒப்பந்தத்தாள். பிற்காலத்து மனக்கசப்புகள் பலவற்றின் வேர் இந்த வேறுபாட்டில்தான் உள்ளது.

முதல் கசப்பு மார்ச் 2008இலேயே நேர்ந்தது. பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்று திரும்பிய இளைஞர்களை அணிகள் தெரிவு செய்தபோது, தில்லி தன் ஊர்ப் பையன்கள் இருவருள் இடக்கை வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தது. மற்றவரான விராட் கோலி பெங்களூருக்குச் சென்றார். ரசிகர்கள் இதை இன்றும் மடமை என்றே பேசுகிறார்கள். அக்காலத்து நிலையில் அது அவ்வளவு மடமையன்று: சேவாக், கம்பீர், தவான், டி வில்லியர்ஸ் என மட்டையாளர்கள் அணியில் நிறைந்திருந்தனர், பந்துவீச்சாளரே தேவைப்பட்டார். பின்னால் நடந்ததை அறிந்துகொண்டு முன்னால் எடுத்த முடிவை எடைபோடுவது வரலாற்றாய்வில் பழைய பிழை. ரசிகருக்கோ அதுவே உரிமை.

2009 தொடருக்கு முன் அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் பரிமாற்றக் காலம் முதன்முறையாகத் திறக்கப்பட்டது. தில்லி ஷிகர் தவானை மும்பைக்குக் கொடுத்து ஆசிஷ் நெஹ்ராவைப் பெற்றது. தில்லிக்காரரைக் கொடுத்துத் தில்லிக்காரரை வாங்கிய விந்தையான வாணிகம். அடுத்த ஆண்டே இந்த முறையின் மறுபக்கம் வெளிப்பட்டது. ராஜஸ்தான் அணியில் இருந்த ரவீந்திர ஜடேஜா விதிகளுக்குப் புறம்பாக வேறு அணியுடன் தாமே பேரம் பேச முயன்றதற்காக 2010 தொடர் முழுவதும் தடை செய்யப்பட்டார். அணிகள் பேசினால் பரிமாற்றம். வீரர் தாமே பேசினால் குற்றம். அதே ஜடேஜா 2025 நவம்பரில், சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்த பரிமாற்றத்தின் வழியே, முறைப்படி ராஜஸ்தானுக்குத் திரும்பினார்.

இவ்விடத்தில் அமெரிக்க பேஸ்பால் நினைவுக்கு வருவது இயல்பு. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் உரிமையாளரும் நாடகத் தயாரிப்பாளருமான ஹாரி ஃபிரேசி, பேப் ரூத்தை ஒரு லட்சம் டாலருக்கு நியூயார்க் யாங்கீஸுக்கு விற்ற செய்தி 1920 ஜனவரியில் வெளியானது. 1918க்குப் பின் பாஸ்டன் மீண்டும் பட்டம் வென்றது 2004இல்தான். இடைப்பட்ட தலைமுறைகள் அதனைச் சாபம் என்றே நம்பின. ஆயினும் தில்லியின் கதைக்கு ரூத்தைவிட கர்ட் ஃபிளட் நெருக்கமானவர். செயின்ட் லூயிஸ் அணி 1969இல் தம்மைக் கேளாமலேயே பிலடெல்பியாவுக்கு மாற்றியதை எதிர்த்து அவர் நீதிமன்றம் சென்றார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். வீரர்களைக் காலவரையின்றிக் கட்டிவைத்த விதி 1975இல் நடுவர் தீர்ப்பொன்றால் தகர்ந்தது. ஐ.பி.எல்.லில் பரிமாற்றத்துக்கு வீரரின் இசைவு தேவை. அவ்வகையில் ஃபிளட் கேட்டதில் ஒரு பங்கு இங்கே தொடக்கத்திலேயே உண்டு. ஆனால் ஏலத்தில் எந்த ஊருக்குப் போவது என்பதை வீரர் தீர்மானிப்பதில்லை.

2011 பெரும் ஏலத்துக்கு முன் தில்லி தக்கவைத்தது சேவாக் ஒருவரை மட்டுமே. கம்பீர் 24 லட்சம் டாலருக்குக் கொல்கத்தா சென்றார். டி வில்லியர்ஸ் பெங்களூருக்குப் போனார். 2012இல் தில்லி புள்ளிப்பட்டியலில் முதலிடம் பெற்றும், தகுதிச் சுற்றில் கம்பீரின் கொல்கத்தாவிடமே தோற்றது. கொல்கத்தா இதுவரை வென்ற கோப்பைகள் மூன்று: 2012, 2014, 2024. முதல் இரண்டிலும் தலைவர் கம்பீர். மூன்றாவதில் தலைவர் ஷ்ரேயாஸ் ஐயர், ஆலோசகர் கம்பீர். இருவரும் தில்லியின் முன்னாள் தலைவர்கள். தில்லியின் ஆட்டமில்லா மாதங்களைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விமரிசனம் இருக்க இயலாது.

2018 மார்ச்சில் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம் 550 கோடி ரூபாய்க்குப் பாதிப் பங்கை வாங்கியது. அவ்வாண்டு அணி கடைசி இடம் பெற்றது. டிசம்பரில் டேர்டெவில்ஸ் என்ற பெயர் கேப்பிடல்ஸ் ஆயிற்று. பரிமாற்றங்களின் போக்கும் மாறியது. விஜய் சங்கர், ஷாபாஸ் நதீம், அபிஷேக் சர்மா ஆகிய மூவரைக் கொடுத்துத் தவானை ஹைதராபாத்திலிருந்து மீட்டார்கள். தவான் அடுத்த மூன்று தொடர்களில் 521, 618, 587 ஓட்டங்கள் குவித்தார். கொடுக்கப்பட்ட அபிஷேக் 2025இல் டி20 மட்டையாளர் தரவரிசையில் உலகின் முதலிடத்தை அடைந்தார். இந்தப் பேரம் இலாபமா நட்டமா என்பது எந்த ஆண்டில் கணக்கை மூடுகிறோம் என்பதைப் பொறுத்தது. டிரென்ட் போல்ட்டை மும்பைக்குக் கொடுத்ததில் அந்த ஐயத்துக்கு இடமில்லை. 2020 நவம்பர் 10 அன்று துபாயில், தில்லியின் ஒரே இறுதிப்போட்டியில், முதல் பந்திலேயே ஸ்டாய்னிஸை வீழ்த்தியவர் அவர்தான். ஆட்டநாயகன் விருதும் அவருக்கே.

இரு உரிமையாளர்கள் ஓர் அணியை எவ்வாறு நடத்துவது என்ற கேள்விக்கு 2024இல் கிடைத்த விடை கூட்டுக் குடும்பப் பாகப்பிரிவினையை ஒத்திருந்தது. இரண்டு ஆண்டுகள் ஆடவர் அணி ஜி.எம்.ஆர். பொறுப்பு, மகளிர் அணி ஜே.எஸ்.டபிள்யூ. பொறுப்பு, பின்னர் மாற்றிக்கொள்வார்கள். ஏழாண்டுகள் பயிற்றுவித்த ரிக்கி பாண்டிங் முன்னரே விலகியிருந்தார். தமிழ்நாட்டின் ஹேமாங் பதானி பயிற்சியாளரானார். ரிஷப் பந்த் விடுவிக்கப்பட்டார். ஜெத்தா ஏலத்தில் 20.75 கோடிக்கு அவரைத் திரும்பப் பெற தில்லி முயன்றபோது, லக்னோ விலையை 27 கோடிக்கு உயர்த்திப் பெற்றுக்கொண்டது. தம்மைத் தக்கவைக்காததற்குப் பணம் காரணமன்று எனப் பந்த் பொதுவெளியில் கூறினார்.

பந்துக்குப் பின் தில்லி 14 கோடிக்கு வாங்கிய கே.எல். ராகுல் பெங்களூரில் பிறந்தவர். 2025 ஏப்ரல் 10 அன்று சின்னசாமி மைதானத்தில் ஆட்டமிழக்காமல் 93 ஓட்டங்கள் எடுத்து பெங்களூரைத் தோற்கடித்தபின், தரையில் மட்டையால் வட்டம் வரைந்து, அது தன் மைதானம் என்று சைகை செய்தார். பதினேழு நாள் கழித்து கோட்லாவில் பெங்களூர் வென்றது. கோலி 51 ஓட்டங்கள் எடுத்தார். ஆட்டம் முடிந்ததும் ராகுலிடம் சென்று அந்த வட்டத்தை விளையாட்டாக வரைந்து காட்டினார். கோலியின் பெயர் தாங்கிய பார்வையாளர் மாடம் 2019 முதல் அம்மைதானத்தில் உள்ளது. அவர் தில்லி ஐ.பி.எல். அணிக்கு ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை.