தோயாத தயிர்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை வைத்திருந்தவர்களுக்கு அந்தத் தேதியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தோப்பும் போனது. புதுக்கன்று காய்க்கிறவரை என்ன செய்வது என்று யோசித்து, மறுவருஷம் அம்மா கடன் வாங்கி ஒரு கலப்பின மாடு பிடித்தார். காலையிலும் சாயங்காலமும் பால் சொசைட்டிக்கு ஊற்றினால்தான் தவணை கட்ட முடியும்.

கன்று போட்டு இரண்டாம் மாதம் ஒரு காம்பு வீங்கி, பால் திரிதிரியாக வந்தது. மடிநோய். டாக்டர் வந்து ஊசி போட்டார், காம்புக்குள் டியூப் மருந்து ஏற்றினார். "நாலு நாளைக்குப் பால் ஊத்தாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நோவு வந்த காம்புப் பாலை மட்டும் அம்மா கீழே கறந்துவிட்டார். மற்ற மூன்று காம்புப் பால் வழக்கம்போல சொசைட்டிக்குப் போனது. வீட்டுக்கு எடுத்து வைத்த பாலில் உறை ஊற்றினோம். மறுநாள் காலையில் பார்த்தால் பால் பாலாகவே இருந்தது.

"தயிர் தோயலையே தம்பி, உறை சரியில்லையோ?" என்றார் அம்மா.

உறையில் குறையில்லை. ஊசி மருந்து ரத்தத்தில் கலந்து எல்லாக் காம்பு வழியாகவும் பாலுக்கு வந்திருந்தது. தயிராக்கும் பாக்டீரியாவை அது வளரவிடவில்லை. அன்றைக்குத்தான் இந்த விஷயத்தைத் தோண்டிப் படிக்க ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

கால்நடைக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் வழக்கத்துக்கு இரண்டு வேர் உண்டு. ஒன்று சிகிச்சை. இன்னொன்று, நோயே இல்லாமல் தீவனத்தில் கலப்பது. இரண்டாவது 1948-இல் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் தொடங்கியது. தாமஸ் ஜூக்ஸும் ஸ்டோக்ஸ்டாடும் ஆரியோமைசின் மருந்து தயாரித்த பிறகு மிஞ்சிய கழிவைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் வேகமாக எடை போட்டன. கழிவு காசானது. கொஞ்ச காலத்திலேயே கோழி, பன்றித் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் சேர்ப்பது உலகமெங்கும் வழக்கமாகிவிட்டது.

ஆபத்து தெரியாமல் நடந்ததில்லை இது. குறைந்த அளவு மருந்து கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடும் என்று பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-இல் நோபல் உரையிலேயே எச்சரித்திருந்தார். 1969-இல் பிரிட்டனின் ஸ்வான் குழு, மனிதருக்குத் தேவைப்படும் மருந்துகளை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கக் கூடாது என்றது. ஸ்வீடன் 1986-இல் முழுத்தடை போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் அந்த இடத்துக்கு வந்துசேர 2006 ஆனது.

நம்ம பக்கம் கதை சென்னையிலிருந்து பேசப்பட்டது. 2010-இல் என்.டி.எம்-1 என்ற எதிர்ப்பு மரபணு எவ்வளவு பரவியிருக்கிறது என்று உலகத்துக்குக் காட்டிய கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர். மரபணுவின் பெயரில் டெல்லி இருந்ததால் பெரிய சர்ச்சை. 2012-இல் டாக்டர் அப்துல் கஃபூர் முன்னின்று 'சென்னைப் பிரகடனம்' வந்தது. 2015-இல் சீனாவில், வேறு மருந்து கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் கோலிஸ்டினையும் செல்லாக்காசாக்கும் மரபணு பன்றிகளிடமும் நோயாளிகளிடமும் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த மருந்து அப்போது இங்கே கோழித் தீவனத்தில் போய்க்கொண்டிருந்தது. 2019 ஜூலையில்தான் உணவுக்கான கால்நடைகளுக்கு அதைத் தயாரிக்கவும் விற்கவும் இந்திய அரசு தடை விதித்தது.

ஆனால் அம்மாவின் மாட்டுக்குத் தீவனத்தில் யாரும் மருந்து கலக்கவில்லை. அதற்கு வந்தது நிஜமான நோய். தடைச்சட்டம் அந்தக் கொட்டகைக்குள் எட்டாது. அப்புறம் எது எட்டும்?

பதில் பக்கத்திலேயே இருந்தது. தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பல வருஷம் மரபுவழிக் கால்நடை மூலிகை மருத்துவத்தில் உழைத்திருக்கிறார். மாட்டு வாகடச் சுவடி உண்டு என்று பெருமை பேசுவதோடு நிற்காமல், என்ன சரக்கு, எத்தனை கிராம், எத்தனை நாள் என்று அளவு கட்டி, மாடுகளில் பார்த்து, பதிவு செய்த வேலை அது. மடிநோய்க்கு: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்தால் ஆரத்தித் தட்டு மாதிரி சிவந்துவிடும். மடியைக் கழுவி, பாலை ஒட்டக் கறந்துவிட்டு, தண்ணீரில் கரைத்து நாளுக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள் பூச வேண்டும். தேசியப் பால்வள வாரியம் இதை எடுத்துக்கொண்டு பல மாநிலங்களின் பால் சங்கங்களுக்குக் கொண்டுபோனது. நெதர்லாந்திலிருந்து மருத்துவர்களும் விவசாயிகளும் வந்து பார்த்துப் போனார்கள்.

நெதர்லாந்துக்காரர்கள் ஏன் வந்தார்கள்? 2004 வாக்கில் அங்கே ஒரு பன்றிப் பண்ணையாளரின் சின்னப் பெண்ணுக்கு இதய அறுவைக்கு முன் சோதனை செய்தபோது, மருந்துக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ கிருமி இருந்தது. தேடிப்போனால் பன்றிகளிடமும் அதே கிருமி. பிறகு அரசு 2009-ஐ அடிப்படையாக வைத்து, 2013-க்குள் கால்நடை ஆன்டிபயாட்டிக் பாதியாகக் குறைய வேண்டும் என்றது. குறைந்தது. ஒவ்வொரு பண்ணையும் எவ்வளவு மருந்து வாங்கியது என்று எழுதி, மற்றப் பண்ணைகளோடு ஒப்பிட்டார்கள். ஒரு பண்ணைக்கு ஒரு மருத்துவர் பொறுப்பு என்று வைத்தார்கள். மூலிகையைத் தேடி வந்தது அந்தக் கணக்குப் புத்தகத்தோடு சேர்த்துத்தான்.

அதனால் "பாட்டி வைத்தியம் இருக்க ஆன்டிபயாட்டிக் எதற்கு" என்று நான் எழுதப்போவதில்லை. எங்கள் மாட்டுக்கே அப்புறம் இரண்டு தடவை மடிநோய் வந்தது. முதல் தடவை வீக்கம் தெரிந்த அன்றைக்கே கற்றாழை பூசினோம், ஆறாம் நாள் பால் தெளிந்துவிட்டது. இரண்டாம் தடவை காய்ச்சல் வந்து, தீவனம் எடுக்காமல் மாடு படுத்துவிட்டது. டாக்டரைக் கூப்பிட்டு ஊசிதான் போட்டோம். போடாமல் இருந்தால் மாடு போயிருக்கும். தேவைப்படுகிற நாளில் அந்த ஊசி வேலை செய்யணும். மற்ற நாளில் அதைத் தொடாமல் இருப்பது அதற்காகத்தான்.

இதற்கிடையில் பெரியம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று. கல்ச்சர் ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே வரிசையாக 'எதிர்ப்பு' என்றே இருந்தது. கடைசி இரண்டு மருந்துதான் கேட்டது, அதுவும் ஆஸ்பத்திரியில் படுத்து ஏற்றிக்கொள்ள வேண்டியது. அது எங்கள் கொட்டகையிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.

2018-இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்ததில் 77-இல்தான் ஆன்டிபயாட்டிக் வரம்பைத் தாண்டியிருந்தது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. குறைவுதான். ஆனால் சொசைட்டி கேனில் ஒரு வீட்டுப் பால் நூறு வீட்டுப் பாலோடு கலந்துவிடும். எங்கள் பால் அப்படித்தான் கரைந்துபோனது. அதுவுமில்லாமல், எதிர்ப்பு உருவாவது பாலில் மட்டுமா? மாட்டின் குடலிலும் சாணத்திலும் அது வளர்வதை எந்தப் பால் சோதனையும் காட்டாது.

அந்த இரண்டாம் ஊசிக்குப் பிறகு அம்மா நாலு நாள் பாலையும் தென்னங்கன்றுக் குழியில் ஊற்றினார். ஊற்றிவிட்டு வந்து கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, இந்த நாலு நாள் காசை யார் குடுப்பா?"

தடையும் பிரகடனமும் திட்டமும் படித்த எனக்கு அதற்குப் பதில் எங்கேயும் கிடைக்கவில்லை. கற்றாழைக்கு என் கணக்கில் மதிப்பு கூடியது அங்கேதான். கடன் தவணை இருக்கிற வீட்டில், பாலைக் கீழே ஊற்ற வேண்டிய நாட்களை அது குறைக்கிறது. மிச்ச நாட்களுக்கு நஷ்டத்தில் ஒரு பங்கைச் சங்கமோ அரசோ ஏற்காதவரை, டாக்டர் சொன்ன "ஊத்தாதீங்கம்மா"வை எத்தனை கொட்டகைகள் கேட்கும்?