கரை சேர்க்கும் வாக்குறுதி: நயினாதீவுக் கல்வெட்டும் நெடுந்தீவுப் படகும்



தொலைவிலுள்ள தீவொன்றுக்குச் செல்பவர் எதனை நம்பிப் படகில் கால் வைக்கிறார்? படகின் வலிமையையா, மாலுமியின் திறனையா, காற்றின் கருணையையா? இம்மூன்றும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வரலாறு நான்காவதாக ஒன்றைச் சுட்டுகிறது. அது, கரையையும் கடலையும் ஆள்வோர் தரும் வாக்குறுதி. அவ்வாக்குறுதி நிலைத்தபோது தீவு புகலிடமாயிற்று. அது முறிந்தபோது அமைதியான கடலும் கொலைக்களமாயிற்று. இவ்வுண்மையை யாழ்ப்பாணத்துத் தீவகத்தைக் கொண்டு விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

தமிழிலக்கியம் இவ்வினாவை நெடுங்காலத்துக்கு முன்பே எழுப்பியுள்ளது. மணிமேகலைக் காப்பியத்தில் ஆதிரையின் கணவன் சாதுவன் பொருளையெல்லாம் தொலைத்தபின் வணிகரோடு கலமேறுகிறான். கலம் உடைகிறது. ஒடிந்த மரமொன்றைப் பற்றி மிதந்து நாகர் வாழும் மலைப்பக்கத்தை அடைகிறான். தனியனாகக் கிடந்தவனை உணவாகக் கொள்ள வந்தோரிடம் அவர்களுடைய மொழியிலேயே பேசுகிறான். மொழி அவன் உயிரைக் காத்தது. பின்னர், அவர்கள் தலைவனிடம் அவன் வலியுறுத்திய அறங்களுள் ஒன்று, கலமுடைந்து அக்கரை சேர்வோரைக் கொல்லாது பேண வேண்டும் என்பது. தான் பிழைத்ததோடு அமையாமல் அடுத்து வருவோனுக்கும் பாதுகாப்புக் கேட்ட அந்த உள்ளமே பயணப் பாதுகாப்புச் சட்டங்கள் அனைத்துக்கும் வித்தாகும். இக்காப்பியம் கூறும் மணிபல்லவம் இன்றைய நயினாதீவே எனக் கருதுவோரும் உளர்.

அதே நயினாதீவில், நாகபூசணி அம்மன் கோயில் வளாகத்தில், ஒரு கல்வெட்டு உள்ளது. பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு வெளியிட்ட ஆணை அது. சிங்கள மன்னன் ஒருவன் தன் ஆணையைத் தமிழில் பொறித்தான் என்பது குறிப்பிடத்தக்கது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963-இல் இதனை ஆராய்ந்து பதிப்பித்தார். பிறநாட்டார் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்கலாம். அவர்கள் காக்கப்பட வேண்டும் என அது கூறுகிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தால், கால் பங்கு அரச பண்டாரத்துக்கும் முக்கால் பங்கு உடையவனுக்கும் உரியன. வணிகச் சரக்கேற்றிய கலமாயின் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு.

பாதியை அரசு எடுத்துக்கொள்வது காப்பாகுமா என்று நீங்கள் கேட்கலாம். அக்கால வழக்கை அறிந்தால் ஆணையின் மதிப்புப் புலப்படும். ஆந்திரக் கடற்கரையில் மோட்டுப்பள்ளியில் காகதிய வேந்தன் கணபதிதேவன் 1244-இல் பொறித்த அபய சாசனம் அவ்வழக்கை வெளிப்படையாகக் கூறுகிறது. புயலால் கரையொதுங்கிய கலங்களின் பொருள் முழுவதையும் முந்தைய மன்னர்கள் வலிந்து பறித்தனர்; தானோ உரிய சுங்கம் தவிர வேறொன்றும் கொள்வதில்லை என்று அவன் உறுதி தருகிறான். கலமுடைந்தவனிடம் எஞ்சியதையும் பறிப்பதே இயல்பாயிருந்த உலகில், பாதியையேனும் மீட்டுத் தருவது பெரும் மாற்றமே.

நம் மலாக்காவும் இம்மரபிற்கு அயலன்று. 15-ஆம் நூற்றாண்டில் இத்துறைமுகம் செழித்ததற்கு, பல நாட்டு வணிகருக்கும் தனித்தனி சாபந்தர்களை அமர்த்தி முறை செய்தது ஒரு காரணம். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் வணிகரும் அவ்வாறு காக்கப்பட்டனர். சுல்தான் மகமூது சா காலத்தில் தொகுக்கப்பட்ட மலாக்காக் கடற்சட்டம், கலத்தில் நக்கோடாவே அரசனுக்கு நிகர் என்கிறது. அந்த அதிகாரத்துக்கு அது வரம்பும் இடுகிறது. புயலில் சரக்கைக் கடலில் எறிய நேரின், கலத்திலுள்ளோரைக் கூட்டிக் கலந்த பின்னரே எறிய வேண்டும். இழப்பையும் பகிர்ந்து ஏற்க வேண்டும்.

இவ்வாணைகளில் ஒரு குறையும் உண்டு. பராக்கிரமபாகு பிறநாட்டாரைக் காத்தது, அவர்கள் கொணர்ந்த யானையையும் குதிரையையும் விரும்பியதால். அவ்விருப்பத்தைக் கல்வெட்டே மறைக்காமல் கூறுகிறது. அப்படியாயின், ஆள்வோருக்கு ஆதாயம் எதுவும் கொண்டுவராத பயணியை யார் காப்பார்? ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் இக்கேள்வி அதே கடலில் எழுந்தது.

நயினாதீவுக்குத் தெற்கே, தீவகத்தின் கடைக்கோடியில் நெடுந்தீவு கிடக்கிறது. பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். போர்த்துக்கேயர் இதனைப் பசுத்தீவு என்றனர். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் டெல்வ்ற் என்றனர். முருகைக்கல் வேலிகளும் பனங்கூடல்களும் கட்டின்றித் திரியும் மட்டக் குதிரைகளும் இதன் அடையாளங்கள். புங்குடுதீவு வரை தாம்போதிகளின் வழியே தரைப்பயணம் இயலும். அதன் முனையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். பாலமில்லை, வேறு வழியுமில்லை. பள்ளி ஆசிரியரும் அரசு ஊழியரும் பிள்ளைத்தாய்ச்சியும் கடும் நோயாளியும் அப்படகையே நம்பியிருந்தனர். வாடைக்காற்று வீசும் மாதங்களிலும் சோளகம் எழும் நாள்களிலும் அலையின் குறிப்பறிந்தே படகு புறப்படும்.

1985 மே 15 அன்று குமுதினி என்னும் பயணிகள் படகு நெடுந்தீவின் மாவிலித்துறையிலிருந்து குறிகட்டுவானை நோக்கிப் புறப்பட்டது. அன்று இடர் காற்றாலோ அலையாலோ வரவில்லை. நடுக்கடலில் படகு மறிக்கப்பட்டது. ஏறியவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியோர் சாட்சியமளித்தனர். பயணிகள் ஒருவர்பின் ஒருவராக அழைக்கப்பட்டு வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். பன்னாட்டு மன்னிப்பு அவை குறைந்தது 23 பேர் இறந்ததாகப் பதிவுசெய்து விசாரணை கோரியது. 30-க்கும் மேற்பட்டோர் என்பது ஊர்மக்களின் கணக்கு. இதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

வரலாறு எழுதுவோர் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லுதல் தகாது. அதற்கு முந்தைய நாள், மே 14-இல், அநுராதபுரத்தில் விடுதலைப் புலிகள் 146 பொதுமக்களைக் கொன்றனர். அங்குப் பேருந்து நிலையத்தில் நின்றவர்களும் பயணிகளே. பின்னர் 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கொழும்புக்குப் பறந்த லயன் ஏர் பயணிகள் வானூர்தி வீழ்ந்து அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். புலிகள் சுட்டு வீழ்த்தியதாகவே அது கொள்ளப்படுகிறது. அதன் சிதைவுகள் 2012-இல் இரணைதீவுக் கடலடியில் கண்டெடுக்கப்பட்டன. பழிக்குப் பழி என்னும் நெறி புகுந்த இடத்தில், கையில் பயணச்சீட்டு மட்டுமே வைத்திருந்தோர் இரு பக்கத்தாராலும் மாண்டனர்.

குமுதினி பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் கடலில் இறக்கப்பட்டது. தம் உறவினர் மாண்ட அதே படகில் ஊர்மக்கள் மறுபடியும் ஏறினர். அது துணிவு என்பதை விடத் தேவை என்பதே பொருந்தும். போர் 2009-இல் முடிந்தது. 2017-இல் நெடுந்தாரகை என்னும் புதிய படகு சேவைக்கு வந்தது. ஆண்டுதோறும் மே 15-இல் மாவிலித்துறையில் மக்கள் கூடி மலர் தூவுகின்றனர்.

இது ஈழத்துக்கு மட்டும் உரிய நிலையன்று. ஏமனுக்குரிய சொகோத்ரா தீவின் ஓக்கு குகையில், முற்காலத்தில் அங்குச் சென்ற இந்திய வணிகர்கள் பிராமி எழுத்தில் தம் பெயரைப் பொறித்துள்ளனர். இன்று அத்தீவுக்குச் செல்ல விழைவோர், காற்றை ஆராய்வதற்கு முன் ஏமனின் உள்நாட்டுப் போரை ஆராய வேண்டியுள்ளது. தீவு அமைதியாயிருப்பது போதாது. அதற்குச் செல்லும் வழி எவர் கையில் உள்ளது என்பதே முதற்கேள்வி.

இங்கிருந்து நயினாதீவுக்கு வழிபடச் செல்வோரும் நெடுந்தீவைக் காணச் செல்வோரும் இன்று பலர். உயிர்காப்பு அங்கியை அணியுங்கள். அளவுக்கு மீறி ஆளேற்றிய படகைத் தவிருங்கள். படகோட்டி வேண்டாம் என்னும் நாளில் வற்புறுத்தாதீர்கள். இவை உங்கள் கையில் உள்ள காப்புகள். உங்கள் கையில் இல்லாத காப்பு ஒன்றும் உண்டு. நயினாதீவில் அம்மனை வணங்கியபின், அந்தக் கல்வெட்டின் முன்னும் சற்று நில்லுங்கள். வந்தவர் காக்கப்பட வேண்டும் என்று அது தமிழில் சொல்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவராத எளிய பயணிக்கும் அச்சொல் பொருந்த வேண்டும் என்று கேட்பது நம் தலைமுறையின் கடமை. சாதுவன் தனக்குப் பின் வருவோனுக்காகக் கேட்டதும் அதுவே.