வேலையில்லாதவனுக்கு அன்று கிடைத்த பதில்



புளியந்தீவில் ஓ.எல் வகுப்பொன்றில் 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். "சேர், வேலை இல்லாதவங்களுக்கு அப்ப அரசாங்கம் என்ன குடுத்த?" என்று ஒரு பிள்ளை கேட்டான். வகுப்பில் சுருக்கமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

தேயிலை, இறப்பர், தெங்கு மூன்றின் விலையும் விழுந்தது. தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன. பலர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1931இல் வந்த அரசாங்க சபையில் விவசாய அமைச்சர் டி.எஸ். சேனநாயக்க. அவர் நம்பியது காணியை. காணியில்லாதவனுக்கு அரச காணி கொடுக்க 1935இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. இன்றும் நாம் அலையும் 'பெர்மிட் காணி'யின் வேர் அதுதான்.

ஆனால் காடு வெட்டி வயலாக்க வருடக்கணக்காகும். பட்டணத்தில் வேலை தேடி நின்றவனுக்கு அது உதவவில்லை.

1939இல் இன்னொரு பதில் வந்தது. அரச திணைக்களங்களில் நாட்கூலிக்கு நின்ற இந்தியரை நிறுத்துவது. 1934 மார்ச்சுக்குப் பின் சேர்ந்தவர்களுக்கு வேலை போனது. முன்னரே சேர்ந்தவர்களுக்குக் காசு தந்து ஊர் போகச் சொன்னார்கள். யூலையில் நேரு கொழும்புக்கு வந்து பேசியும் முடிவு மாறவில்லை. அந்த மாதமே இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானது. ஓகஸ்ட் 1 முதல் கூலித் தொழிலாளர் இங்கு வருவதை இந்தியா தடுத்தது.

என் பார்வையில் இதில் ஒரு புது வேலையும் பிறக்கவில்லை. ஒருவனை எழுப்பிவிட்டு அதே கதிரையில் இன்னொருவனை இருத்தினார்கள், அவ்வளவுதான். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தில் தோட்ட மக்களுக்கு நடந்ததைப் படிப்பிக்கும்போது, பிள்ளைகளுக்கு 1939ஐ முதலில் சொல்லிவிடுவேன்.

2022இல் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்து பயிர் செய்யச் சொன்னதும், சம்பளமில்லா லீவில் 5 வருடம் வெளிநாடு போகலாம் என்றதும் உங்களுக்கு ஞாபகமிருக்கும்.