பெருவுடையார் கோயிலின் மூலப் பத்திரம்

ஒரு மனையை வாங்கப் புகுவோர் மூலப் பத்திரத்தைக் கேட்பர். அது யார் யார் கை மாறி வந்தது என வில்லங்கம் பார்ப்பர். தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் மூலப் பத்திரம் உண்டு. அது ஸ்ரீவிமானத்தின் அதிட்டானத்திலேயே பொறிக்கப்பட்டுள்ளது. நாள்தோறும் வலம் வந்தோர் கண்ணெதிரே இருந்தும், அதனைப் படிப்பார் இன்றிப் பல நூற்றாண்டுகள் கழிந்தன.

இக்கோயிலை எடுப்பித்தவன் யார் என்று அந்நாளில் வினவினால், கரிகாற் சோழன் என்ற விடையே கிடைக்கும். சிவகங்கைக் குளத்தில் நீராடி அவன் நோய் நீங்கிற்று என்ற கதையும் உடன் வரும். 1886ஆம் ஆண்டில் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக அமர்ந்த ஜெர்மானியர் ஹூல்ஷ், இச்சாசனங்களைப் படியெடுத்துப் படித்தார். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாந் தொகுதி 1891 முதல் பகுதி பகுதியாக வெளிவரவே ஐயம் அகன்றது. இக்கற்றளியை எடுப்பித்தவன் தானே என முதலாம் இராசராசன் தன் வாக்காகவே பொறித்திருந்தான்.

தான் கொடுத்தனவும், தன் தமக்கை குந்தவை கொடுத்தனவும், தன் தேவியரும் பிறரும் கொடுத்தனவும் கல்லில் வெட்டுக என்பது அவன் ஆணை. தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அஃதாவது 1010இல், விமானத்துச்சியில் வைக்கக் கொடுத்த செப்புக் குடத்தின் நிறை 3,083 பலம். அதன்மேல் போர்த்த பொன் 2,926½ கழஞ்சு. அரைக் கழஞ்சையும் விடாது எழுதிய அந்நேர்மையை என்னென்பது! திருப்பதியம் பாட 48 பேர்க்கு நிபந்தம் அமைத்தான். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் பெயர், முன்பிருந்த ஊர், தெரு, மனை ஆகியவற்றோடு பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல் குறிக்கப்பட்டுள்ளது. அந்நெல்லை அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என இறைவன் பெயரே!

இனி உடைமைக்கு வருவோம். கொடுத்தவன் மன்னன்; ஆயினும் சாசனம் இறைவனையே ஸ்ரீராஜராஜீஸ்வரம் உடையார் எனக் குறிக்கின்றது. உடையார் என்றால் உரியவர் என்பதன்றோ பொருள்! சோழர்க்குப் பின் பாண்டியரும் நாயக்கரும் மராட்டியரும் ஆண்டனர். முருகன் சந்நிதி நாயக்கர் காலத்தது. சரபோசி மன்னர் 1803இல் தம் போன்சலே மரபின் வரலாற்றை இக்கோயிற் சுவரில் மராத்தி மொழியில் வெட்டுவித்தார். ஆண்டவர் எவரும் முன்னவர் எழுத்தை அழிக்கவில்லை; தம்முடையதைத் தனியே சேர்த்தனர். இன்று கட்டடம் மத்தியத் தொல்லியல் துறையின் காவலில் உள்ளது. 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது.

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்றும் சிலர் மேடையில் முழங்குகின்றனர். மாலை வெயிலில் நின்று பார்த்தால் நிழல் விழுவது தெரியும். மெய்யான பெருமை இத்துணை இருக்கப் பொய்ப்புகழ் எதற்கு?

நம் ஊர்க் கோயில்களுக்கும் இத்தகைய பத்திரங்கள் உள. திருப்பணி என்ற பெயரால் அவற்றின்மேல் சுண்ணாம்பு பூசுகின்றோம். மணலை வீசியடித்து எழுத்தையே தேய்த்துவிடுகின்றோம். பழங்கல்லைப் பெயர்த்துப் படிக்கல்லாக்குகின்றோம். தேய்ந்த வரியோடு, யாரோ ஒரு சிற்றூரார் விளக்குக்கு விட்ட நிலமும் காணாமற் போகின்றது. நிலத்தைக் கவர்ந்தவனுக்கு அது நல்வாய்ப்பு.

பண்டையோர் இவ்வாறு செய்யவில்லை. திருக்கோடிகாவில் செம்பியன் மாதேவியார் கற்றளி எடுப்பித்தபொழுது, பழைய சாசனங்களைப் புதுச் சுவரில் மீள வெட்டுவித்து, இது பழங்கல்லின் படி எனக் குறிக்கச் செய்தார். திருமழபாடியில் ஸ்ரீவிமானத்தைப் பிரித்துப் புதுக்க இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபொழுது, அங்கிருந்த கல்வெட்டுகள் முதற்கண் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டன. அவை புதிய சுவரில் ஏறியது அவன் மகன் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில். அதுவரை அப்புத்தகத்தைக் காத்திருந்தனர்.